மரத்தரை: மரத்தின் உறுதி வேறு, பூச்சின் உறுதி வேறு

கூடத்துக்கும் இரண்டு அறைகளுக்கும் மரத்தரை போட நினைக்கிறீர்கள். கடையில் மூன்று மாதிரிப் பலகைகள் காட்டியிருக்கிறார்கள்: முழு மரமாக ஓக், எஞ்சினியர்டு ஓக், எண்ணெய்ப் பூச்சு போட்ட எஞ்சினியர்டு வால்நட். ஓக் இரண்டிலும் 'அலுமினியம் ஆக்சைடு, 9 கோட், 25 ஆண்டு உத்தரவாதம்' என்று பூச்சைப் பற்றி ஒட்டியிருக்கிறது. வீட்டில் ஒரு பெரிய நாய், இரண்டு சிறு பிள்ளைகள். 'மூன்றில் எது ரொம்ப உறுதி?' என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், 'பத்து வருடம் கழித்து ஏன் இதைப் போட்டோம் என்று நொந்துகொள்ளக் கூடாது' என்றும் எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். ரொம்ப உறுதியான தரையும், பத்து வருடம் கழித்து நொந்துகொள்ள வைக்காத தரையும் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

முதலில் என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். மரத்தரை பதிப்பதும் பழைய தரையைத் தேய்த்துப் புதுப்பிப்பதும் என் தொழில். இரண்டாவதில்தான் அதிக காலம் போயிருக்கிறது. அதனால் எந்தப் பலகையைக் கையில் எடுத்தாலும் 'இது கெட்டுப்போனால் எப்படிச் சரிசெய்வேன்?' என்றுதான் முதலில் தோன்றும். விற்பவருக்கு அந்தக் கேள்வி வராது. பலகை விற்றதும் அவர் வேலை முடிந்தது.

'ஹார்டுவுட்' என்ற பெயரை வைத்து உறுதியை முடிவு செய்யாதீர்கள். அது தாவரவியல் பிரிவின் பெயர். அகன்ற இலையுள்ள, பூத்துக் காய்க்கும் மரங்கள் அதில் வரும். பைன் போன்ற ஊசியிலை மரங்கள் 'சாப்ட்வுட்'. விளையாட்டு விமானம் செய்கிற, நகம் பட்டாலே குழிகிற பால்சா மரமும் அந்தக் கணக்கில் ஹார்டுவுட்தான். உண்மையான கடினத்தை அளக்க ஜங்கா சோதனை இருக்கிறது. 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டு பாதி புதையும்வரை மரத்தில் அழுத்துவார்கள். அதற்கு எவ்வளவு விசை தேவைப்பட்டதோ அதுதான் எண். பவுண்டு விசையில் சொன்னால் அமெரிக்கச் சிவப்பு ஓக் 1,290, வெள்ளை ஓக் 1,360, ஹார்டு மேப்பிள் 1,450, ஹிக்கரி 1,820. கறுப்பு வால்நட் 1,010தான். தேக்கும் வால்நட்டை ஒட்டித்தான் வரும். 'தேக்குன்னா இரும்பு' என்று நினைப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். தேக்கின் பெருமை அதன் எண்ணெய்ப்பசையிலும், கரையான் அண்டாததிலும், ஈரத்துக்கு அதிகம் அசையாததிலும் இருக்கிறது. குழி விழாமல் தாங்குவதில் அது நடுத்தரம்தான்.

இந்த எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ஜங்கா எண் குழியைப் பற்றியது. பிள்ளை பொம்மை லாரியைத் தூக்கிப் போட்டால் குழி விழுமா, நாற்காலிக் கால் அழுந்திப் பதியுமா என்பதற்குத்தான் அது விடை. கீறல் விஷயமே வேறு. நாய் நகமும், செருப்பில் ஒட்டி வரும் மணலும் முதலில் தொடுவது பூச்சை. மரம் எவ்வளவு கடினமானாலும் பூச்சு கீறும். பூச்சு எவ்வளவு கடினமானாலும் அடியில் உள்ள மரம் அமுங்கினால் அதுவும் சேர்ந்து குழியும். மெத்தை மேல் கண்ணாடி வைத்த மாதிரி. 'அலுமினியம் ஆக்சைடு இருக்கு சார், குழியே விழாது' என்று யாராவது சொன்னால், அவருக்குத் தெரியவில்லை, இல்லை தெரிந்தே சொல்கிறார்.

சரி, முழு மரமா, எஞ்சினியர்டா? முழுமரப் பலகை பெரும்பாலும் 19 மில்லிமீட்டர் தடிமன், மேலிருந்து கீழ்வரை ஒரே மரம். எஞ்சினியர்டு என்றால் மேலே உண்மையான மரம் ஒரு அடுக்கு, அடியில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பிளைவுட் அல்லது அழுத்திய நார்ப்பலகை. மேலடுக்கு 0.6 மில்லிமீட்டரிலிருந்து 6 வரை இருக்கும். இதை லாமினேட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். லாமினேட்டில் மேலே இருப்பது மரத்தின் படம் மட்டும்; அதைத் தேய்த்துப் புதுப்பிக்கவே முடியாது.

'முழு மரம்னா தலைமுறைக்கும் தேய்க்கலாம்' என்பது பாதி உண்மை. பலகைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ள ஓரத்தில் ஒரு நாக்கும், எதிர் ஓரத்தில் ஒரு பள்ளமும் இருக்கும். அந்த நாக்குக்கு மேலே இருக்கிற மரம்தான் தேய்க்கக் கிடைப்பது. அதற்குக் கீழே போனால் பலகையின் விளிம்பு பிளந்து ஆணி தெரியும். 19 மில்லிமீட்டர் பலகையிலும் நாக்குக்கு மேல் இருப்பது 6 முதல் 8 மில்லிமீட்டர்தான். அப்படியானால் 6 மில்லிமீட்டர் மேலடுக்கு உள்ள நல்ல எஞ்சினியர்டு பலகையும் கிட்டத்தட்ட அதே ஆயுள்தான். முழுசாக ஒரு தடவை தேய்த்தால் அரை முதல் ஒரு மில்லிமீட்டர் வரை போகும். இது கையையும் மெஷினையும் பொறுத்தது. புதுக்கை தேய்த்தால் இதைவிடவும் போகும். 2 மில்லிமீட்டர் மேலடுக்கை ஒரு தடவை கவனமாகத் தேய்க்கலாம், இரண்டாவது தடவை சூதாட்டம். 1 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் நான் மெஷினையே வீட்டுக்குள் கொண்டுவர மாட்டேன். ஆகவே கடையில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் எண், மேலடுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்பது. மொத்தத் தடிமனைச் சொல்லி மழுப்புவார்கள், விடாதீர்கள்.

எஞ்சினியர்டு பலகையைத் தரம் குறைந்தது என்று நினைப்பது பழைய காலத்து எண்ணம். மரம் ஈரத்தைக் குடித்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும். இதை எந்தப் பூச்சும் நிறுத்தாது, கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். விரிவதெல்லாம் அகலத்தில்தான், நீளத்தில் இல்லை என்றே சொல்லலாம். எவ்வளவு என்பது அறுத்த விதத்தைப் பொறுத்தது. 125 மில்லிமீட்டர் அகலச் சிவப்பு ஓக் பலகையின் ஈரம் 4 சதவீதப் புள்ளி இறங்கினால், மரத்தின் வளர்ச்சி வளையங்கள் படுத்திருக்கும்படி அறுத்த பலகை 1.8 மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கும். வளையங்கள் செங்குத்தாக நிற்கும்படி அறுத்தது 0.8 மில்லிமீட்டர்தான். பலகைக்குப் பலகை 1.8 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் கூடமெங்கும் கோடு கோடாகத் தெரியும். எஞ்சினியர்டில் அடியில் இருக்கும் குறுக்கு அடுக்குகள் இந்த அசைவைப் பிடித்து நிறுத்துகின்றன. அதனால்தான் கான்கிரீட் மேல் ஒட்டுவதற்கும், அகலப் பலகைக்கும், அடியில் சூடேற்றும் குழாய் ஓடும் தரைக்கும் அதைச் சொல்கிறோம். உங்கள் அடித்தளம் கான்கிரீட் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியிலேயே முழுமர ஓக் என் பட்டியலிலிருந்து இறங்கிவிட்டது. அதையும் போடலாம், ஆனால் நடுவில் பிளைவுட் தளம் ஒன்று அமைக்க வேண்டும். தரைமட்டம் ஏறும், கதவுகளை அறுக்க வேண்டி வரும்.

இனிப் பூச்சு. தளத்தில் பலகை பதித்து, அங்கேயே தேய்த்து, அங்கேயே பூச்சு போடுவது பழைய முறை. இப்போது பெரும்பாலும் பூச்சு தொழிற்சாலையிலேயே முடிந்து வருகிறது. அங்கே பலகை உருளைகளுக்கு அடியில் ஓடும். மெல்லிய பிசின் பூச்சு ஒவ்வொன்றாக ஏறும். ஒவ்வொன்றுக்கும் பிறகு புறஊதா விளக்குக்கு அடியில் போய் ஒருசில நொடிகளில் இறுகிவிடும். வீட்டில் எண்ணெய்வகைப் பாலியூரித்தேன் (படலமாக இறுகும் பிசின் பூச்சு) போட்டால் முழுசாக இறுக ஒரு மாதம் ஆகும். வாடையும் சேர்ந்து இருக்கும். தொழிற்சாலைப் பலகையில் பதித்த அன்றைக்கே நடக்கலாம் (பசை போட்டு ஒட்டினால் அது காயும்வரை பொறுக்க வேண்டும்). இது நிச்சயமான நன்மை, மறுப்பதற்கில்லை.

'9 கோட்' என்பதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தொழிற்சாலைக் கோட் மிக மெல்லியது. நான் கையால் போடும் மூன்று கோட்டோடு எண்ணிக்கையை ஒப்பிட முடியாது. ஒரு கம்பெனியின் 7 கோட் இன்னொன்றின் 10 கோட்டைவிடத் தடிமனாக இருக்கலாம். அந்தப் பூச்சுக்குள் கலந்திருக்கும் அலுமினியம் ஆக்சைடு துகள்கள்தான் தேய்மானத்தைத் தாங்குகின்றன. இது நம் குருந்தக்கல்லின் அதே பொருள். மாணிக்கமும் நீலமும் இதே கனிமத்தின் நிறமுள்ள வடிவங்கள். கனிமங்களின் கடினத்தைச் சொல்லும் மோ அளவுகோலில் 9, மேலே வைரம் மட்டும் 10. கால் பட்டுப் பட்டுத் தேய்வதை இது மிக நன்றாகத் தாங்கும். வாசற்படிக்கு அருகில், சமையலறைத் திருப்பத்தில், பத்து வருடம் ஆனாலும் பூச்சு தேய்ந்து மரம் வெளியே தெரிவது அபூர்வம்.

இதிலேயே சிக்கலும் இருக்கிறது. என் மெஷினில் மாட்டும் உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் துகளும் பெரும்பாலும் அதே அலுமினியம் ஆக்சைடுதான். குருந்தத்தைக் குருந்தத்தால் தேய்க்கிற கதை. தாள் சீக்கிரம் மழுங்கும், தூள் அடைக்கும், தாள் மாற்றி மாற்றிக் கை ஓயும். அதையும் தாண்டலாம். அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. சாதாரணப் பாலியூரித்தேன் தரை மங்கினால், மரம்வரை போகாமல் மேற்பூச்சை மட்டும் லேசாகச் சிராய்த்து, மேலே ஒரு கோட் ஓட்டிவிடலாம். ஒரு நாள் வேலை. அலுமினியம் ஆக்சைடு பூச்சில் புதுக்கோட் பிடிப்பது கடினம். நான் தொழிலுக்கு வந்த புதிதில் இது தெரியாமல் ஒரு வீட்டில் வழக்கம்போலச் சிராய்த்து மேலே ஒரு கோட் போட்டுவிட்டு வந்தேன். பார்க்கப் பளபளவென்று இருந்தது. ஆறு வாரம் கழித்து அந்த அம்மா கூப்பிட்டு, 'தரை தோலுரிகிறது' என்றார். போய்ப் பார்த்தால் மேசைக்கு அடியில் பூச்சு வெங்காயத்தோல் மாதிரிக் கையோடு வருகிறது. என் செலவில் முழுத்தரையையும் மரம்வரை தேய்த்துக் கொடுத்தேன். இப்போது இதற்கென்றே பிடிப்பு மருந்துகள் வந்துவிட்டன, நானும் பயன்படுத்துகிறேன், பெரும்பாலும் பிடிக்கிறது. ஆனாலும் ஒரு மூலையில் சிறிதாகப் போட்டு, காய்ந்த பிறகு நாணயத்தால் சுரண்டிப் பார்க்காமல் முழு அறையில் இறங்குவதில்லை.

எண்ணெய்ப் பூச்சு இதற்கு நேரெதிர். எண்ணெயும் மெழுகும் கலந்தது மரத்துக்குள் இறங்கி நிற்கும். மேலே கெட்டியான படலம் இருக்காது. சீக்கிரம் கீறும், தண்ணீர் நின்றால் தடம் விழும், வருடத்துக்கு ஒரு தடவையோ இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையோ மேலே கொஞ்சம் எண்ணெய் தடவ வேண்டும். ஆனால் கீறிய இடத்தை மட்டும் தேய்த்து, அங்கே மட்டும் எண்ணெய் விட்டு, துணியால் துடைத்தால் ஒட்டு தெரியாது. இதை நீங்களே செய்யலாம், என்னைக் கூப்பிட வேண்டாம். ஒன்று மட்டும் கட்டாயம்: எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயவிட்டு, அல்லது தண்ணீரில் நனைத்து மூடிய டப்பாவில் போட்டுத்தான் எறிய வேண்டும். புறஊதா விளக்கில் இறுக்கிய எண்ணெய் என்று இடைப்பட்ட ஒரு வகையும் வருகிறது. பெயரைப் பார்த்து ஏமாறாமல், மேலே தடவ எந்த எண்ணெயைத் தயாரிப்பாளர் சொல்கிறார் என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

25 ஆண்டு உத்தரவாதத்தின் சிறிய எழுத்தைப் படியுங்கள். பொதுவாக அவர்கள் ஒப்புக்கொள்வது பூச்சு முழுவதும் தேய்ந்து மரம் வெளியே வருவதை மட்டும். கீறல், குழி, பளபளப்பு மங்குவது, வீட்டு ஈரத்தால் வரும் இடைவெளி எல்லாம் விலக்குப் பட்டியலில் இருக்கும். அதாவது, நடக்க வாய்ப்பே இல்லாததற்கு உத்தரவாதம் உண்டு. நாயுள்ள வீட்டில் முதல் வருடமே நடக்கப்போவதற்குக் கிடையாது. இதை மோசடி என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த எண்ணை வைத்து இரண்டு பலகைகளை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

கீறலுக்கு உண்மையில் உதவுவது பளபளப்பைக் குறைப்பதுதான். கண்ணாடி மாதிரி மின்னும் தரையில் தலைமுடி அளவு கீறலும் ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளைக் கோடாகத் தெரியும். மங்கலான பூச்சில் அதே கீறல் கண்ணுக்குப் படாது. கம்பித் தூரிகையால் தேய்த்து ரேகை எழும்பி நிற்கும்படி செய்த ஓக் கிடைத்தால், நாய் உள்ளவர்களுக்கு நான் அதைத்தான் காட்டுவேன்; புதுக்கீறல் இருக்கிற ரேகைகளோடு கலந்துவிடும். நிறமேற்றிய பலகையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அடர்நிறச் சாயம் மேலோட்டமாகத்தான் இறங்கியிருக்கும். ஆழமாகக் கீறினால் உள்ளிருந்து வெளிறிய மரம் எட்டிப் பார்க்கும். அம்மோனியாப் புகையில் வைத்து நிறம் மாற்றிய ஓக்கில் நிறம் மரத்துக்குள் இறங்கியிருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. தொழிற்சாலைப் பலகைகளின் விளிம்பில் சரிவாகச் செதுக்கியிருப்பார்கள். பூச்சோடு வரும் பலகையைப் பதித்த கையோடு தேய்த்துச் சமப்படுத்த முடியாது என்பதால், பலகைக்குப் பலகை வரும் சிறு ஏற்ற இறக்கத்தை மறைக்க அது தேவை. அந்தப் பள்ளத்தில் தூசி சேரும் என்று குறை சொல்பவர்கள் உண்டு. தினமும் பெருக்கினால் அது ஒரு பிரச்சினையே இல்லை.

நான் நேரில் பார்க்காமல் சொல்ல முடியாதது ஒன்றுண்டு: உங்கள் கான்கிரீட்டின் ஈரம். கெட்டுப்போன தரைகளில் பாதிக்குமேல் பூச்சாலோ மரத்தாலோ கெட்டவையாக நான் பார்க்கவில்லை. அடியிலிருந்து வந்த ஈரத்தால் கெட்டவை. பதிப்பவர் கான்கிரீட்டை ஈரமானியால் அளந்து எண்ணை எழுதிக் கொடுக்க வேண்டும். 'தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருக்கு' என்பவரை அனுப்பிவிடுங்கள். பலகையையும் பதிக்கும் முன் அளக்க வேண்டும். அடியில் மரத்தளம் அமைத்தால், அதற்கும் அகலப் பலகைக்கும் ஈர வித்தியாசம் 2 சதவீதப் புள்ளிக்குள், குறுகிய பலகை என்றால் 4க்குள் இருக்க வேண்டும் என்பது தொழிலில் ஒப்புக்கொண்ட கணக்கு. எஞ்சினியர்டு என்றால் இன்னொன்றும் கேளுங்கள்: அடுக்குகளை ஒட்டிய பசையிலிருந்து எவ்வளவு பார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு வெளிவரும் என்ற சான்று. அமெரிக்க விதியில் பிளைவுட்டுக்கு 0.05 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 0.05 பங்கு) உச்சவரம்பு. சிறு பிள்ளைகள் தரையில் உருளும் வீட்டில் இதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆக, உங்கள் மூன்றில் நான் எடுப்பது எஞ்சினியர்டு ஓக். மேலடுக்கு 4 மில்லிமீட்டருக்குக் குறையாமல், மங்கலான பூச்சில் கிடைக்கும் என்றால் அதுவே போதும். வால்நட் அழகு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 1,010 எண்ணுள்ள மரத்தில் பொம்மை லாரிகள் பதிக்கும் குழிகளை எந்த எண்ணெயாலும் மறைக்க முடியாது. பிள்ளைகள் வளர்ந்த பிறகு அதற்குப் போகலாம். எண்ணெய்ப் பூச்சின் மேல்தான் ஆசை என்றால், எண்ணெய்ப் பூச்சு போட்ட ஓக் இருக்கிறதா என்று கேளுங்கள். வருடாந்திர வேலை உங்களுக்குச் சலிக்காது என்றால் பத்து வருடம் கழித்து அதுதான் நல்ல நிலையில் இருக்கும். சலிக்கும் என்றால் அலுமினியம் ஆக்சைடே சரி. தேய்த்துப் புதுப்பிக்கும் நாள் வந்தால் செலவு கூடும் என்று தெரிந்தே வாங்குங்கள். துடைக்கும்போது நீராவித் துடைப்பான் எதற்கும் ஆகாது. பிழிந்த துணி போதும்.

வாங்கும்போது ஒரு பெட்டி கூடுதலாக எடுத்து வையுங்கள். அடுத்த உற்பத்தியில் நிறம் இதே மாதிரி வராது. எடுத்து வைத்த பலகையும் பத்து வருடம் கழித்துப் பொருந்தாது, ஏனென்றால் தரையில் கிடப்பது வெளிச்சத்தில் நிறம் மாறியிருக்கும். ஓக் தேன்நிறத்துக்குப் போகும், வால்நட் வெளுக்கும். அப்போது நான் செய்வது இதுதான்: கெட்ட பலகை ஜன்னலருகே இருந்தால், ஜன்னலருகேயே, இனிமேல் கனமான நாற்காலி போட்டு மறைக்கக்கூடிய இடத்திலிருந்து ஒரு பலகையை உரித்து எடுத்து அங்கே பதிப்பேன். பெட்டியிலிருக்கும் புதுப்பலகை நாற்காலிக்கு அடியில் போய்விடும்.